கன்சோலுக்கு மானிட்டரா, டிவியா: முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

விளையாட்டுக் கன்சோலுக்கு மானிட்டர் நல்லதா, டிவி நல்லதா என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: விளையாடும்போது உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம்? பலருக்கு இந்தக் கேள்வி ஏமாற்றம் தருகிறது. எத்தனை ஹெர்ட்ஸ் (திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது), எத்தனை கே (படத்தில் எத்தனை புள்ளிகள்), எந்த நிறுவனம் என்று பேச்சு போகும் என எதிர்பார்த்து வருகிறார்கள். அவையெல்லாம் பின்னால் வரட்டும். தூரம் தெரியாமல் திரையைப் பற்றி என்ன சொன்னாலும் அது அரைகுறைப் பதிலாகவே இருக்கும்.

இதை எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். தேசிய சேவையை முடித்தவன், சேர்த்து வைத்த பணத்தில் பிளேஸ்டேஷன் 5 வாங்கிவிட்டான். திரை இன்னும் வாங்கவில்லை. சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் நின்றுகொண்டு, "சித்தி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது, எடுத்துவிடட்டுமா?" என்று செய்தி அனுப்பினான். "கொஞ்சம் பொறு, உன் அறையை அளந்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றேன். சுவா சூ காங்கில் அவன் வீட்டில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னவற்றை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

திரையின் அளவைப் பெட்டியில் அங்குலத்தில் போடுகிறார்கள். கண்ணுக்கு அங்குலம் தெரியாது, கோணம்தான் தெரியும். 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டின் வரவேற்பறையில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் டிவி 2.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அந்தத் திரை என் பார்வையில் 27 டிகிரி அகலத்தைத்தான் நிரப்புகிறது. அக்கா மகனின் மேசையில் வைக்கக்கூடிய 27 அங்குல மானிட்டரின் அகலம் 60 சென்டிமீட்டர். அவன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் 80 சென்டிமீட்டர். கோணம் 41 டிகிரி. அதாவது, பாதி அளவே உள்ள அந்தச் சின்னத் திரை அவனுக்கு என் டிவியைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். எனக்கு அதே 41 டிகிரி வேண்டுமானால் சோபாவை 1.6 மீட்டருக்கு இழுத்துப்போட வேண்டும். அப்படிச் செய்தால் சோபாவுக்குப் பின்னால் ஒரு பாதை உருவாகும், அம்மா விடமாட்டார்.

பெரிய திரையில் படம் பார்க்கும் அனுபவத்துக்கு அகலம் குறைந்தது 30 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது திரைப்படத் தொழில்நுட்பர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. திரையரங்குத் தரங்களை வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் 40 டிகிரி வரை போகச் சொல்கிறது. மேசையில் இருக்கும் 27 அங்குல மானிட்டர் இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறது. வரவேற்பறையில் இருக்கும் 55 அங்குல டிவி 30 டிகிரியைக்கூடத் தொடவில்லை. 'விளையாட்டென்றால் பெரிய டிவியில்தான்' என்று சொல்லிக்கொண்டு நம்மில் பலர் உண்மையில் சிறிய படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதிலிருந்தே தெளிவு குறித்த அடுத்த கணக்கும் வருகிறது. இதை எழுதும்போது எனக்கு உற்சாகம் கூடுவதை மறைக்க முடியவில்லை, ஏனென்றால் விற்பனையாளர் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். என் சோபாவிலிருந்து 55 அங்குல 4கே (அகலவாக்கில் 3840 புள்ளிகள்) டிவியில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 140 புள்ளிகள். 4கேயை விட்டுவிட்டுப் பழைய 1080பி (அகலவாக்கில் 1920 புள்ளிகள்) படத்தைப் போட்டாலும் 70 புள்ளிகள் வந்துவிடுகின்றன. கண்ணின் எல்லையை அதுவே தொட்டுவிட்டது. ஓடும் காட்சியில் கம்பி, புல், தலைமுடி போன்றவற்றின் விளிம்பு மினுமினுப்பதை 4கே குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரத்திலிருந்து 4கே தரும் கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதி நம் கண்ணை எட்டாது. மேசைக்கு வாருங்கள். 80 சென்டிமீட்டரில் 27 அங்குல 1440பி (அகலவாக்கில் 2560 புள்ளிகள்) மானிட்டர் ஒரு டிகிரிக்கு 62 புள்ளிகள் தருகிறது, சரியாகப் போதுமான அளவு. 60 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் அது 48 ஆகக் குறையும். அப்போதுதான் 4கே மானிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. ஆகவே வீட்டில் 4கே அதிகம் தேவைப்படும் இடம் மேசை, குறைவாகத் தேவைப்படும் இடம் வரவேற்பறை. கடைகளில் இரண்டையும் தலைகீழாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? வெளிச்சத்துக்கும் இருளுக்கும். எவ்வளவு தள்ளிப் போனாலும் மங்காமல் கண்ணுக்கு எட்டும் தரம் அதுதான். டிவிகள் மானிட்டர்களை விட்டு வெகுதூரம் முன்னே போயிருப்பதும் இந்த இடத்தில்தான்.

எச்டிஆர் என்பதன் சாரம் எளிது: ஒரே காட்சியில் விளக்கின் சுடர் உண்மையாகவே பளிச்சென்று இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் உள்ள நிழல் உண்மையாகவே இருட்டாக இருக்க வேண்டும். வழக்கமான ஐபிஎஸ் வகைத் திரையுள்ள மானிட்டரில் மிக வெளிச்சமான புள்ளிக்கும் மிக இருண்ட புள்ளிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விளக்கை அணைத்துவிட்டு ஒரு குகைக்குள் நடக்கும் காட்சியைப் போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ வகைத் திரைகளில் இது மூவாயிரத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிர்ந்து தானாகவே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருக்கும். மினி எல்இடி டிவிகளில் திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட விளக்குகள் காட்சிக்கேற்பத் தனித்தனியே கூடிக் குறைகின்றன. நடுத்தர விலை மானிட்டர்கள் பலவற்றில் இந்த வசதி எதுவும் கிடையாது. அவற்றின் பெட்டியில் 'டிஸ்பிளே எச்டிஆர் 400' என்ற முத்திரை இருக்கும். மானிட்டர்களுக்கான எச்டிஆர் தரவரிசையில் அடிப்படைப் படிகளில் ஒன்று அது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை 400 நிட்ஸ் (அதன் அலகு) எட்டினால் போதும், விளக்குகளைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அத்தகைய மானிட்டரில் எச்டிஆரைப் போட்டால் படம் வெளுத்துப் போவதைத்தான் நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடுங்கள், அழகாக இருக்கும். நல்ல எச்டிஆர்தான் முக்கியம் என்றால் ஓலெட் மானிட்டர் அல்லது நல்ல மினி எல்இடி மானிட்டர் வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு டிவிப் பகுதிக்குப் போனால் இரண்டு மடங்கு பெரிய, எச்டிஆர் நன்றாகச் செய்யும் டிவி கிடைத்துவிடும்.

'டிவியில் தாமதம் அதிகம், மானிட்டரில்தான் விரல் அசைவு உடனே தெரியும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அது சரியாக இருந்தது. டிவி தன் உள்ளே படத்தை மெருகேற்றுகிறது, இடைப்பட்ட ஃபிரேம்களை (ஓடும் காட்சியின் தனித்தனிப் படங்களை) தானாக உருவாக்கிச் சேர்க்கிறது. அந்த வேலைக்கு நேரம் பிடிப்பதால் தாமதம் சில டிவிகளில் 100 மில்லி வினாடியையும் தாண்டும். கேம் மோட் என்பது அந்த வேலைகளை நிறுத்தும் அமைப்பு. இன்றைய நல்ல ஓலெட் டிவிகள் கேம் மோடில் 60 ஹெர்ட்ஸில் 10 மில்லி வினாடியை ஒட்டியும், 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி அளவிலும் நிற்கின்றன. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரமே 16.7 மில்லி வினாடி என்பதை நினைத்துப் பாருங்கள். போட்டிகளில் சண்டை விளையாட்டு ஆடுபவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த வேறுபாடு முடிவைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் கேம் மோடைப் போட வேண்டும். உறவினர் வீடுகளுக்குப் போகும்போது ரிமோட்டை வாங்கி அதைப் போட்டுவிட்டு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதிய டிவிகள் கன்சோலைக் கண்டவுடன் தாமாகவே அந்த அமைப்புக்கு மாறுகின்றன, இருந்தாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி 240 ஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், நின்டெண்டோ சுவிட்ச் 2 ஆகிய எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு 120 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் திரை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கன்சோல் அதைப் பயன்படுத்தாது. கணினியும் அதே மேசையில் இருந்தால் விஷயம் வேறு. கன்சோல் மட்டும் என்றால் 240 என்ற எண்ணுக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் எச்டிஆரிலிருந்தோ காதொலிக் கருவியிலிருந்தோ பிடுங்கப்பட்டது. அக்கா மகனுக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

ஆனால் 120 ஹெர்ட்ஸை விட்டுக்கொடுக்காதீர்கள். 120 ஃபிரேமில் ஓடும் கன்சோல் விளையாட்டுகள் குறைவுதானே என்று சிலர் கேட்பார்கள். 120 ஹெர்ட்ஸ் திரையின் பெரிய நன்மை அவற்றைத் தாண்டியும் இருக்கிறது. கண்ணுக்கு அழகான காட்சி வேண்டுமானால் 30 ஃபிரேம், மென்மையான ஓட்டம் வேண்டுமானால் 60 ஃபிரேம் என்று விளையாட்டுகள் நம்மைத் தேர்வு செய்யச் சொல்லும் காலத்தில், 40 ஃபிரேம் என்ற மூன்றாவது வழியைச் சில விளையாட்டுகள் தருகின்றன. 30இல் ஒரு ஃபிரேம் 33.3 மில்லி வினாடி நிற்கும், 60இல் 16.7. 40இல் 25, இரண்டுக்கும் சரி நடுவே. 60 ஹெர்ட்ஸ் திரையால் 40ஐச் சீராகக் காட்ட முடியாது, 60 அதனால் வகுபடாது. 120 வகுபடும், ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை. இதற்காகவே 120 வேண்டும். ஓலெட் டிவி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓலெட் புள்ளிகள் கணத்தில் மாறிவிடுவதால் 30 ஃபிரேம் விளையாட்டில் கேமரா திரும்பும்போது படம் குதித்துக் குதித்து நகர்வது தெரியும். பழைய மந்தமான திரைகளில் அந்தக் குதிப்பைக் கலங்கல் மறைத்துவிடும்.

ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரை தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதியும் அப்படிப்பட்டதே. பிளேஸ்டேஷன் 5க்கு இது 2022 ஏப்ரலில் வந்தது, 1440பி அதே ஆண்டு செப்டம்பரில். ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட 'பிளேஸ்டேஷனுக்கு 1440பி மானிட்டர் வேண்டாம்' என்ற அறிவுரையை இப்போது படித்து ஏமாறாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் தொடக்கத்திலிருந்தே இரண்டையும் ஏற்றுக்கொண்டது. மானிட்டர் வாங்கும்போது நுணுக்கமான வேறுபாடு ஒன்று இருக்கிறது: எக்ஸ்பாக்ஸ், ஃப்ரீசிங்க் (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) உள்ள பழைய மானிட்டர்களோடும் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் போகும் கேபிள் இணைப்பு) வழியாக விஆர்ஆர் பேசும். பிளேஸ்டேஷன் எச்டிஎம்ஐ 2.1இன் விஆர்ஆரை மட்டுமே பேசும். சுவிட்ச் 2ஐ டிவியோடு இணைத்தால் விஆர்ஆர் கிடையாது, கையில் வைத்து விளையாடும்போது அதன் சொந்தத் திரையில் மட்டும் உண்டு. சுவிட்ச் மட்டுமே வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைப் பற்றிக் கவலைப்படாமல் நல்ல நிறமுள்ள திரையை வாங்கிவிடலாம்.

இணைப்பு விஷயத்தில்தான் மானிட்டர்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கன்சோல்களில் கணினிகளில் இருக்கும் டிஸ்பிளேபோர்ட் இணைப்பு கிடையாது, எச்டிஎம்ஐ மட்டுமே. மானிட்டர் பெட்டியில் பெரிதாக எழுதப்பட்ட வேகம் டிஸ்பிளேபோர்ட் வழியாகக் கிடைப்பதாக இருக்கலாம். அதே மானிட்டரின் எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கேயில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலும் போதாது. அந்தத் தரத்தின் விதிகள் பல வசதிகளை விருப்பத் தேர்வாக விட்டுவைத்திருப்பதால், 2.0 அளவுக்கே வேலை செய்யும் துளையிலும் 2.1 என்ற பெயரை ஒட்ட முடிகிறது. 'எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 ஹெர்ட்ஸ்' அல்லது 'எச்டிஎம்ஐ வழியாக 1440பி 120 ஹெர்ட்ஸ்' என்ற வரி விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். டிவியிலும் இதே கவனம் வேண்டும். நான்கு துளைகள் இருந்தால் இரண்டு மட்டுமே முழு வேகமாக இருக்கலாம், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பாரை இணைக்க வேண்டிய இஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும்) துளையாகவும் இருக்கலாம். இரண்டு கன்சோலும் ஒரு சவுண்ட்பாரும் உள்ள வீட்டில் அதோடு இடம் தீர்ந்துவிடும். கன்சோல் பெட்டியில் வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு கேபிள் வாங்க வேண்டியதில்லை.

ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான மானிட்டர்களின் ஒலிபெருக்கி பெயருக்கு இருப்பது, பலவற்றில் அதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் ஆப்டிகல் ஒலித் துளை கிடையாது, சாதாரண புளூடூத் காதொலிக் கருவியையும் அது நேரடியாக ஏற்காது. ஆகவே மானிட்டர் வாங்குபவர் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகும் கம்பிக் காதொலிக் கருவிக்கோ, யுஎஸ்பி ஏற்பியோடு வரும் கம்பியில்லாக் கருவிக்கோ முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் விளையாடுபவருக்கு எப்படியும் அது தேவை. பிளேஸ்டேஷன் 5இன் முப்பரிமாண ஒலி காதொலிக் கருவியில் அருமையாக இருக்கும். பின்னால் யாரோ நடப்பது பின்னாலிருந்தே கேட்கிறது. சாதாரணக் கம்பிக் கருவியிலும் கேட்கிறது.

இவ்வளவு கணக்கும் சொல்லிவிட்டு, சிங்கப்பூர் வீட்டில் முடிவை உண்மையில் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: அந்தத் திரை யாருடையது? எங்கள் வரவேற்பறை டிவி அம்மாவுடையது. மாலையில் தமிழ் ஒளிவழியான வசந்தம் ஓடும். 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானதிலிருந்து அவருடைய மாலைகள் அதற்குத்தான். நாடகம், செய்தி, அதற்குப் பிறகு ஏதாவது ஒரு நிகழ்ச்சி. அந்த நேரத்தில் நான் கன்சோலைப் போட்டதில்லை, போடவும் மாட்டேன். நான் விளையாடுவது அவர் தூங்கப் போன பிறகு. எனக்கு அது ஒத்துவருகிறது, ஏனென்றால் நான் விரும்புவது நீண்ட கதையுள்ள, இருண்ட காட்சிகள் நிறைந்த விளையாட்டுகள். அவற்றுக்கு ஓலெட் டிவியும் அணைத்த விளக்கும் போதும். அக்கா வீட்டில் நிலைமை வேறு. நான்கு பேர், ஒரே டிவி, இளையவளுக்கு வேறு தேர்வு இருக்கிறது. அங்கே டிவியில் விளையாடுவது என்றால் ஒவ்வொரு மாலையும் பேச்சுவார்த்தை. தன் அறையில், தன் மேசையில், தன் மானிட்டரில் விளையாடுபவன் யாரிடமும் நேரம் கேட்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் அமைதிக்கு அது தரும் பங்கை எந்த விவரக் குறிப்பிலும் பார்க்க முடியாது. நடுத்தர மானிட்டரின் வெளுத்த எச்டிஆரை மன்னிக்க அதுவே போதிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

மானிட்டரில் டிவி ஒளிவழிகள் வராதே என்று சிலர் தயங்குகிறார்கள். 2019 தொடங்கியபோது சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு நின்று எல்லாம் மின்னிலக்கமாகிவிட்டது. மானிட்டரில் அலைவாங்கி இல்லாவிட்டாலும் ஒரு செட்டாப் பெட்டியை எச்டிஎம்ஐயில் செருகினால் வரும், மீவாட்ச் செயலியிலும் வசந்தம் பார்க்கலாம். தனியாக வாடகை அறையில் இருக்கும் நம் ஊழியர்கள், மாணவர்கள் பலர் இப்படித்தான் ஒரே மானிட்டரில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள்.

அறையைப் பற்றி இன்னும் சில. மேற்கு பார்த்த சன்னல் இருந்தால் மாலை மூன்று மணி முதல் பளபளப்பான திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பகலில் விளையாடுபவருக்கு வெளிச்சம் கூடிய மினி எல்இடி டிவியோ மங்கல் பூச்சுள்ள மானிட்டரோ ஓலெட்டைவிட உகந்தது. சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றால் அது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையின் (அவசரகாலப் புகலிடத்தின்) சுவரா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் டிவி வைக்கும் சுவரே அதுதான். அதில் துளையிடுவதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. தெரியாத ஆளைக் கூட்டிவந்து துளையிடச் சொல்லாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: 42 அங்குல ஓலெட் டிவி. எல்ஜி 2022இல் இந்த அளவைக் கொண்டுவந்தபோது நான் கொண்டாடினேன். அகலம் 93 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 42 டிகிரி, டிஎச்எக்ஸ் சொல்லும் அளவைச் சற்றே தாண்டும். கறுப்பு முழுக் கறுப்பு, 4கே 120, விஆர்ஆர், ஓரளவு நல்ல ஒலி, நான்கு துளைகளும் முழு வேகம். தனி அறை உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த கன்சோல் திரை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இங்கேயும் அளவு நாடா பேசுகிறது. சாதாரண மேசையின் ஆழம் 60 சென்டிமீட்டர். அதன்மேல் 42 அங்குலத்தை வைத்து முன்னால் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். மேசையை விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளவோ, கட்டிலில் அமர்ந்து விளையாடவோ அறையில் இடம் வேண்டும். அக்கா மகனின் அறையில் கட்டில், அலமாரி, மேசை போக மிஞ்சிய இடத்தில் அது முடியவில்லை.

ஓலெட் என்றால் தழும்பு விழுமே என்ற பயம் முற்றிலும் வீண் அல்ல. விளையாட்டில் உயிர் அளவைக் காட்டும் பட்டை, வரைபடம் போன்றவை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தேயும். ஒரே விளையாட்டை ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் ஆடுபவரும், செய்தி ஒளிவழியை நாள் முழுதும் ஓடவிடுபவரும் ஓலெட்டைத் தவிர்ப்பது நல்லது. பலவகை விளையாட்டுகளை மாற்றி மாற்றி ஆடுபவர் நிம்மதியாக இருக்கலாம். உத்தரவாத அட்டையை இந்தக் கண்ணோடு படியுங்கள்: ஓலெட் மானிட்டர்களுக்குச் சில நிறுவனங்கள் தழும்பையும் சேர்த்து மூன்றாண்டு உத்தரவாதம் தருகின்றன. டிவிகளில் பெரும்பாலும் அது விலக்கப்பட்டிருக்கும்.

கடைக்குப் போகும்போது, அங்கே எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கும் காட்சியமைப்பில் ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வெளிச்சத்தில், கேம் மோடில் அது அப்படி இருக்காது. "கேம் மோடுக்கு மாற்றிக் காட்டுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். 55 அங்குலமாக இருந்தும் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே தரும் டிவிகள் நிறைய இருக்கின்றன. 'மோஷன் ரேட்' போன்ற பெயர்களில் எழுதப்படும் எண்கள் திரையின் உண்மை வேகம் அல்ல, விற்பனைக்காகச் சூட்டப்பட்டவை. பழைய பொருள்களை வாங்கி விற்கும் காரோசெல் தளத்தில் பழைய ஓலெட் வாங்குவதாக இருந்தால் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரையில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், தழும்பு இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். புதிய டிவியைக் கொண்டுவந்து தரும் கடைகள் பழைய டிவியை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் அவன் எடுத்தது 27 அங்குல 1440பி மானிட்டர், எச்டிஎம்ஐ வழியாக 120 ஹெர்ட்ஸும் விஆர்ஆரும் உள்ளது. அவன் ஆடுவது பெரும்பாலும் காற்பந்தும் சண்டையும். அவற்றில் இருண்ட குகைகள் இல்லை, எச்டிஆர் இல்லாததை அவன் உணரமாட்டான். 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒதுக்கிய தொகையில் மிஞ்சியதைக் கொண்டு நல்ல காதொலிக் கருவி வாங்கினான். என்னைப் போல இருட்டுக் கதைகளை விரும்புபவனாக இருந்திருந்தால், மானிட்டரை மறந்துவிட்டு அறையில் கட்டிலைத் திருப்பிப் போடு, 42 அங்குல ஓலெட்டுக்குக் காசு சேர் என்று சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது.

மானிட்டர் தோற்கும் ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு எல்லோரும் அக்கா வீட்டில் கூடுவோம். பிள்ளைகள் நால்வர் ஒரே நேரத்தில் கார் ஓட்ட வேண்டும் என்பார்கள். 27 அங்குலத்தை நான்காகப் பிரித்தால் ஒருவருக்குப் பதின்மூன்றரை அங்குலம், அதையும் முண்டியடித்துப் பார்க்க வேண்டும். வரவேற்பறையில் உள்ள 55 அங்குல டிவியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 27 அங்குலம் கிடைக்கும். அன்று கன்சோலைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். திரை மாறும்போது கன்சோலின் அமைப்புகளில் எச்டிஆர் அளவீட்டை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். டிவியில் எச்ஜிஐஜி என்ற தேர்வு இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு அளவீட்டைத் தொடங்குங்கள். அப்போதுதான் டிவியும் கன்சோலும் ஒரே வெளிச்சத்தை இரண்டு முறை திருத்திப் படத்தைக் கெடுக்காமல் இருக்கும். மொத்தம் இரண்டு நிமிட வேலை, பிள்ளைகள் யார் எந்தக் கார் என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும்.